நாசிக் ஒயினரி, இரண்டு நாள் டேஸ்டிங்: எத்தனை இடம், எந்த வரிசை, வண்டியை யார் ஓட்டுவது?

தானே_வாசி (கேள்வி)

வணக்கம். பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு தானேயிலிருந்து நாசிக் போய் ஒயினரிகளைப் பார்த்து டேஸ்டிங் செய்யலாம் என்று திட்டம். மொத்தம் ஐந்து பேர். ஒருவர் மதுவைத் தொடவே மாட்டார். இன்னொருவர் சுத்த சைவம், ஆனால் ஒயின் குடிப்பார். யாருக்கும் ஒயின் பற்றிப் பெரிதாகத் தெரியாது. பார்ட்டியில் ரெட் ஒயின் குடித்து, துவர்க்கிறது என்று கிளாஸைக் கீழே வைத்த அளவுதான்.

கேட்க நினைப்பது: ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்? சூலா ஒயினரி மட்டும் போதுமா, மற்றவையும் வேண்டுமா? "ஆளுக்கு ஆறு ஒயின்" என்று டேஸ்டிங்கில் போட்டிருக்கிறார்களே, அதைக் குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியுமா? பாட்டில் வாங்கினால் இரண்டு நாள் டிக்கியில் வைக்கலாமா? அதில் ஒன்றிரண்டைச் சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா?

---

தக்காணத்_தடம்

நாசிக் ஒயினரிகள் ஒரே தெருவில் வரிசையாக இருப்பவை அல்ல. இது புரியாமல் திட்டம் போட்டால் பாதிப் பொழுது காரிலேயே போய்விடும். திசை வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கங்காபூர் அணைப் பக்கம் சூலா, யார்க், சோமா. மூன்றும் சில கிலோமீட்டருக்குள் அடங்கும். நாசிக் நகரிலிருந்து கங்காபூர் சாலையைப் பிடித்தால் போதும். இகத்புரி பக்கம் சஞ்சேகாவ் சுற்றுவட்டாரத்தில் குரோவர் ஸம்பாவும் வல்லோனும். இவை நகருக்கு வெகு முன்னாலேயே, மும்பை திசையில் இருப்பதால் உங்களுக்குப் போகிற வழி. கிழக்கே நிபாட் பக்கம் ரெவெய்லோ, வடக்கே திண்டோரி வட்டாரம். முதல் பயணத்தில் இந்தக் கடைசி இரண்டு திசைகளையும் விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு திசை, இரண்டு டேஸ்டிங். மூன்றாவதாக ஓரிடம் போனால் அங்கே சாப்பாடும் காற்றும் மட்டும்.

சனி காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். பிவண்டி அருகே ஆமனேயில் சம்ருத்தி நெடுஞ்சாலையில் (மும்பை–நாக்பூர் விரைவுச் சாலை) ஏறினால் இகத்புரி வரை 76 கிலோமீட்டர். 2025 ஜூனில் இந்தப் பகுதி திறந்த பிறகு கஸாரா மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் ஊர்கிற வேலை இல்லை. (இரு சக்கர வண்டிக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. யாராவது பைக்கில் வருவதாக இருந்தால் பழைய நெடுஞ்சாலைதான்.) இகத்புரியில் இறங்கி டிபன் சாப்பிட்டுவிட்டு, முதல் சுற்றுக்கே குரோவரிலோ வல்லோனிலோ போய் நில்லுங்கள். இரண்டிலுமே முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. சிறிய இடங்களில் சுற்றிக் காட்ட ஒரே ஆள் இருப்பார். அவர் வேறு குழுவோடு உள்ளே போயிருந்தால் முக்கால் மணி நேரம் வாசலில் காத்திருக்க வேண்டும்.

சூலாவை ஞாயிற்றுக்கிழமை திறந்தவுடன் பார்த்துவிடுங்கள். பகல் பன்னிரண்டுக்கு மேல் அங்கே கூட்டம் திருவிழாக் கூட்டம்தான். டேஸ்டிங் மேஜையில் ஊற்றுபவர் சொல்வது காதில் விழாது. 2000-ல் முதல் ஆலை, 2005-ல் டேஸ்டிங் அறை என்று இந்த ஊரில் ஒயின் சுற்றுலாவைத் தொடங்கி வைத்த இடம் என்பதால் பார்க்காமல் வர முடியாது. ஆனால் பேசிக் கற்றுக்கொள்ள யார்க் மாதிரி சிறிய இடம்தான் வசதி. யார்க்கும் 2021 முதல் சூலாவின் கையில்தான். இருந்தாலும் அளவு சின்னது. சூலா நடத்தும் இசை விழாவான சூலாஃபெஸ்ட் நடந்தால் பெரும்பாலும் இதே பருவத்தில்தான் நடக்கும். உங்கள் தேதியோடு மோதுகிறதா என்று முதலில் பாருங்கள். மோதினால் அறை வாடகை எகிறிவிடும், டேஸ்டிங்குக்குத்தான் போகிறோம் என்றால் தேதியை மாற்றுவதே நல்லது.

ஞாயிறு மூன்று மணிக்குள் நாசிக்கை விட்டுக் கிளம்பிவிடுங்கள். அதற்கு மேல் மும்பை திரும்புகிற கூட்டம் முழுக்கச் சாலையில் இருக்கும்.

---

கணக்கன்

"குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியுமா" என்ற கேள்விக்குக் கணக்காகவே பதில் சொல்லிவிடலாம்.

டேஸ்டிங்கில் ஒரு ஊற்று சுமார் 30 மில்லி. ஆறு ஊற்று 180 மில்லி. ஒயினில் ஆல்கஹால் 12.5 சதவீதம் என்றால் 22.5 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 18 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் இதை வெறும் வயிற்றில் அடுத்தடுத்துக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்குச் சுமார் 40 மில்லிகிராம் வரை ஏறலாம். பெண்ணுக்கு இன்னும் அதிகம். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். உடம்பு மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் குறைக்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் மாறாது.

அதாவது ஒரே ஒரு டேஸ்டிங்கே எல்லையைத் தாண்ட வைக்கும். "சும்மா ருசிதானே பார்த்தோம்" என்ற பேச்சு ஊதும் கருவியிடம் எடுபடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குடிக்காத நண்பர் தலையில் இரண்டு நாள் ஓட்டும் வேலையைக் கட்டுவது உங்கள் இஷ்டம். அவரையும் கேளுங்கள். இல்லையென்றால் நாசிக்கில் நாள் வாடகைக்கு டிரைவரோடு வண்டி எடுங்கள். டாக்ஸி ஆப்பை நம்பிப் போவதில் ஒரு சிக்கல்: நகரிலிருந்து கங்காபூர் பக்கம் போக வண்டி கிடைத்துவிடும், இருட்டிய பிறகு அங்கிருந்து திரும்பக் கிடைப்பது நிச்சயமில்லை.

அப்புறம் உலர் நாள், அதாவது மது விற்கத் தடை உள்ள நாள். ஜனவரி 26 அறுவடைப் பருவத்தின் நடுவில் வருகிறது. நீண்ட விடுமுறை என்று அந்த வாரம் பதிவு செய்பவர்கள் அன்றைக்குத் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும். உள்ளூர்த் தேர்தல் இருந்தாலும் கடை மூடும். வயதுச் சான்று ஐந்து பேரிடமும் இருக்கட்டும். நரை முடியைப் பார்த்து எல்லா இடத்திலும் விட்டுவிட மாட்டார்கள்.

---

பீப்பாய்

ருசி பார்ப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. காசு கொடுத்துப் போவதே அதற்குத்தானே.

டேஸ்டிங் அன்று காலை சென்ட் வேண்டாம். மல்லிகைப்பூவும் வேண்டாம், தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஒயின் வாசம் தெரியாது. பாக்கு, புதினா மிட்டாய், ஸ்ட்ராங் காபி எல்லாம் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். நாசிக் போய் மிசள் (காரமான பயறுக் குழம்பு) சாப்பிடாமல் வரக் கூடாதுதான், ஆனால் அதை டேஸ்டிங்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது ரெட் ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து எரியும். "ரெட் ஒயின் பிடிக்கவில்லை" என்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும். காலையில் இட்லியோ உப்புமாவோ போதும். வயிறு காலியாக மட்டும் இருக்கக் கூடாது.

வரிசையைப் பெரும்பாலும் அவர்களே சரியாக வைப்பார்கள்: நுரை ஒயின், பிறகு சோவினியோன் பிளாங் மாதிரி புளிப்பான வெள்ளை, ஷெனின் பிளாங், ரோஸே, அப்புறம் ரெட் வகைகளான ஸின்ஃபண்டெல், ஷிராஸ், கேபர்னே. தாமதமாகப் பறித்த பழத்தில் செய்யும் இனிப்பான லேட் ஹார்வெஸ்ட் கடைசி. அதை முதலில் குடித்தால் பின்னால் வருவதெல்லாம் எலுமிச்சைச் சாறு மாதிரி புளிக்கும். பாயசம் சாப்பிட்ட கையோடு ரசம் குடித்த கதைதான்.

கிளாஸைத் தண்டில் பிடியுங்கள். மேஜை மேல் வைத்தபடியே அடியைப் பிடித்து வட்டமாகச் சுழற்றினால் சட்டையில் தெறிக்காது. சுழற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மோந்து பாருங்கள்; இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். ஒரு சிறு வாய் எடுத்து நாக்கு முழுக்க உருட்டுங்கள். தாடையின் இரு பக்கமும் நீர் சுரந்தால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் இறுகினால் அது துவர்ப்பு. கொட்டைப்பாக்கைக் கடித்தால் வருவது போன்றது, திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டாலே முதல் நாள் பாடம் முடிந்தது. சோவினியோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாய், கொய்யா, ஷிராஸில் மிளகு. இவை கற்பனை இல்லை, அந்த வாசத்துக்கான சேர்மங்கள் நிஜமாகவே ஒயினில் இருக்கின்றன.

துப்புவது அநாகரிகம் இல்லை. மேஜையில் துப்பும் பாத்திரம் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பிடிக்காததை அதிலேயே கொட்டிவிடலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

சூடு இன்னொரு சிக்கல். பிப்ரவரி நடுப்பகலில் நாசிக்கில் 30 டிகிரி இருக்கும். ரெட் ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரிதான் சரி. "அறை வெப்பம்" என்று சொல்வது ஐரோப்பியக் குளிர் அறையை வைத்து. 28 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டும்தான் மூக்கில் ஏறும். கூச்சப்படாமல் ஐஸ் பக்கெட்டில் பத்து நிமிடம் வைத்துத் தரச் சொல்லுங்கள். நேர்மாறாக, வெள்ளை ஒயினை ஐஸ் போலக் குளிர வைத்து ஊற்றினால் வாசமே வராது; கிளாஸை உள்ளங்கையில் ஏந்தி இரண்டு நிமிடம் வையுங்கள்.

கெட்டுப்போன பாட்டிலையும் அடையாளம் காணலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் கார்க் கெட்டது. வினிகர் வாசம் அல்லது நெயில் பாலிஷ் வாசம் என்றால் காற்றும் பாக்டீரியாவும் புகுந்துவிட்டன. வார இறுதியில் அடிக்கடி கிடைப்பது மூன்றாவது வகை: நேற்றே திறந்து பாதி தீர்ந்த பாட்டில். பழ வாசமே இல்லாமல் தட்டையாக, நறுக்கி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் மாதிரி இருக்கும். "புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து ஊற்ற முடியுமா" என்று கேளுங்கள். நல்ல இடம் என்றால் மறுபேச்சின்றித் திறப்பார்கள்.

தக்காணத்_தடம் போட்ட திட்டத்தில் ஒரு திருத்தம். யார்க்கை ஞாயிறுக்கு வைக்க வேண்டாம். சனி மாலையே வையுங்கள், அணை நீரைப் பார்த்தபடி சூரியன் மறைவது அங்கேதான் அழகு. தங்குவதும் கங்காபூர் சாலையிலேயே என்றால் கூடுதல் அலைச்சல் இல்லை.

---

தக்காணத்_தடம்

சனிக்கிழமை ஏற்கெனவே இரண்டு டேஸ்டிங் இருக்கிறது. மூன்றாவது இடத்தில் ஆளுக்கு ஆறு ஊற்று என்றால் நாக்கு மரத்துப் போயிருக்கும். யார்க்கில் சனி மாலை ஐந்து பேருக்குமாக ஒரே ஒரு பாட்டில் நுரை ஒயின், வறுத்த கடலை. அவ்வளவுதான் என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன்.

---

கம்பம்_கொடி

நீங்கள் போகும் மாதம் அறுவடை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், டேஸ்டிங் மேஜையோடு திரும்பிவிட வேண்டாம்.

ஐரோப்பாவில் செப்டம்பரில் திராட்சை பறிப்பார்கள். நாசிக்கில் செப்டம்பர் மழைக்காலம். பழம் கொடியிலேயே அழுகிவிடும். குளிர்காலத் தூக்கமும் இங்கே கொடிக்குக் கிடையாது. அதனால் வருடம் இரண்டு கவாத்து. ஏப்ரலில் வெட்டுவது புதுக் கிளை முதிர்வதற்கு, செப்டம்பர், அக்டோபரில் வெட்டுவது காய்ப்புக்கு. காய் முதிர்வது குளிர்ந்த இரவுகளில் என்பதால் புளிப்பு முழுதாகக் கரைந்து போகாமல் நிற்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பு.

பறிப்பது விடியற்காலைக்குள். பழம் சூடேறினால் பெட்டியிலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். ஆகவே திராட்சை வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டுமானால் காலை முதல் சுற்றைக் கேளுங்கள். நாலு மணிக்குப் போனால் கழுவிக் கவிழ்த்த தொட்டிகள்தான் கண்ணில் படும். காம்பு பிரிக்கும் இயந்திரத்தின் வாயருகே நின்றால், ஒரு பக்கம் பழமும் மறு பக்கம் வெறும் காம்பும் பிரிந்து விழுவது தெரியும். விழுந்த காம்பைப் பாருங்கள்: பச்சைக் காம்பைக் கூடவே போட்டிருந்தால் ஒயின் கசந்திருக்கும், அதற்காகத்தான் பிரிக்கிறார்கள்.

எஃகுத் தொட்டியின் இடுப்பில் பட்டை மாதிரி சுற்றியிருப்பது குளிர் உறை. உள்ளே குளிர்ந்த திரவம் ஓடும். வெள்ளை ஒயின் 12 முதல் 16 டிகிரியில் நொதிக்கும், ரெட் 25 பக்கம். தொட்டியில் தெர்மாமீட்டர் இருக்கும், படித்துப் பாருங்கள். நொதிக்கும் தொட்டியின் மேல் மூடி திறந்திருந்தால் தலையை உள்ளே விட வேண்டாம். கரியமில வாயு நிறைந்திருக்கும், ஒரு மூச்சில் தலை சுற்றும். குழந்தைகள் வந்தால் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

தோட்டத்தில் அனுமதி கேட்டு ஒரு பழம் வாயில் போட்டுப் பாருங்கள். கேட்காமல் பறிக்க வேண்டாம், மருந்து அடித்த வரிசையாக இருக்கலாம். கடையில் வாங்கும் விதையில்லாத் தாம்சன் திராட்சை போல இருக்காது. கோலிக்குண்டைவிடச் சின்னது, தடித்த தோல், உள்ளே விதை, தேன் மாதிரி இனிப்பு. விதையைக் கடித்துப் பாருங்கள்: பழுப்பாக, மொறுமொறுவென்று உடைந்தால் பழுத்துவிட்டது. பச்சையாகக் கசந்தால் இன்னும் நாள் இருக்கிறது. அளந்து காட்டுபவர் இருந்தால் பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு) என்ன என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை 0.55-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஆல்கஹால் சதவீதம் வந்துவிடும். 23 பிரிக்ஸ் என்றால் பன்னிரண்டரை.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை (2023-ல் புவிசார் குறியீடு பெற்றது) இதோடு ஒப்பிடாதீர்கள். அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். வாசம் தூக்கும், சாறாகக் குடிக்க அருமை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேபர்னேயை மோந்தால் ஏமாற்றம்தான்.

திராட்சை மிதிப்பது வேடிக்கைக்கு. வெள்ளைச் சட்டையில் கறை போகாது. பாட்டிலுக்குள் போகும் பழத்தை இயந்திரம்தான் பிழிகிறது.

---

தானே_வாசி

எல்லோருக்கும் நன்றி. தேதி எதோடும் மோதவில்லை. டிரைவரோடு வண்டி என்று முடிவு. சைவ நண்பர் ஒரு சந்தேகம் கேட்கிறார்: ஒயினில் முட்டை சேர்ப்பார்கள் என்று எங்கோ படித்தாராம். உண்மையா? பாட்டில் விஷயத்துக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

---

பீப்பாய்

உண்மைதான், ஆனால் எல்லா ஒயினிலும் இல்லை. நொதித்த ஒயின் கலங்கலாக இருக்கும். தெளிய வைக்க எதையாவது சேர்த்து, அது அழுக்கை இழுத்துக்கொண்டு அடியில் படிந்ததும் வடித்துவிடுவார்கள். தேத்தாங்கொட்டையைத் தேய்த்துக் கிணற்று நீரைத் தெளிய வைப்பது போல. வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் பென்டோனைட் என்ற களிமண். ரெட்டில் துவர்ப்பைக் குறைக்க முட்டை வெண்கரு பழைய வழக்கம். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐஸின்கிளாஸ், ஜெலட்டின், பால் புரதம் ஆகியவையும் உலகில் புழக்கத்தில் உண்டு. கடைசியில் பாட்டிலில் அநேகமாக மிஞ்சாது, இருந்தாலும் சைவத்தில் கறாராக இருப்பவருக்கு அது பதிலாகாது.

டேஸ்டிங் மேஜையில் ஊற்றும் பையனுக்கு இது தெரிந்திருக்காது. முன்பதிவு செய்யும்போதே, "தெளிய வைக்க என்ன சேர்க்கிறீர்கள், வீகன் (விலங்குப் பொருள் எதுவும் சேராத) ஒயின் எவை" என்று ஒயின் தயாரிப்பவரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொரு லேபிளுக்கும் பதில் மாறலாம், மொத்தமாக "எல்லாம் சைவம்தான் சார்" என்றால் மறுபடி கேளுங்கள்.

---

கணக்கன்

பாட்டிலை டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும், ஓரத்தில் ஒட்டும் கசிவு தெரியும். ஸ்க்ரூ கேப் என்றால் வெளியே தெரியாது, உள்ளே வெந்த ஜாம் வாசம் வந்திருக்கும். நுரை ஒயின் பாட்டிலுக்குள் கார் டயரின் இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் இருப்பதால் அது ஆபத்தும்கூட. சனிக்கிழமை வாங்கவே வேண்டாம், பிடித்ததைக் குறித்து மட்டும் வையுங்கள். வாங்குவதை ஞாயிறு கடைசி இடத்தில் வாங்கி, ஏசி ஓடும் இருக்கைப் பகுதியில், கால் வைக்குமிடத்தில் படுக்க வையுங்கள். தெர்மாகோல் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், வழியில் சோதனை என்றால் கேட்பார்கள்.

எங்கும் பொதுவாகக் கிடைக்கும் லேபிளை நாசிக்கில் வாங்கிச் சுமப்பதில் அர்த்தமில்லை, தானேயிலேயே கிடைக்கும். வல்லோனின் மால்பெக் என்ற ரெட் ஒயின் மாதிரி சிறிய அளவில் செய்வதை வாங்குங்கள்.

சென்னைக்கு வேண்டாம். விமானத்தில் செக்-இன் பெட்டியில் வைக்க விமான நிறுவனம் அனுமதிப்பது ஒரு கதை, வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வேறு கதை. ஒன்று இருப்பதால் இன்னொன்று சரியாகிவிடாது.

---

தக்காணத்_தடம்

முன்பதிவுக்குப் போன் செய்யும்போது இவற்றையும் கேட்டுவிடுங்கள்: வார இறுதி நுழைவுக் கட்டணம் உண்டா, அதைச் சாப்பாட்டிலோ பாட்டிலிலோ கழிப்பார்களா? ஆறு ஊற்றில் ரிசர்வ் என்ற உயர் வகை எத்தனை, அல்லது எல்லாமே விலை குறைந்தவையா? குடிக்காதவருக்குச் சுற்றிப் பார்க்க மட்டும் தனிச் சீட்டு உண்டா? அன்று காலை பழம் வந்து இறங்குமா?

கடைசிக் கேள்விக்கு முந்தைய நாள் மாலை இன்னொரு முறை போன் செய்தால்தான் சரியான பதில் கிடைக்கும். எந்த வரிசையைப் பறிப்பது என்று அவர்களே அப்போதுதான் முடிவு செய்திருப்பார்கள்.